விரலாற் கற்ற வித்தகர் லூயி பிரெயில்

நம் கல்லூரி அன்னையின் மடியில் வளர்ந்தோர் பலர் இன்று இலங்கையின் பல பாகங்களிலும் ஆசிரியத் தொழில் பூண்டு விளங்குகின்றனர். அவருள் ஒருவர், பதுளைக்கும் பசறைக்கும் அப்பால், மேகம் தவழும் மடுல்சீமை மலைச்சாரலிலே, தோட்டப் பாடசாலை ஒன்றில் முதலாம் வகுப்பை நடத்தி வருபவர். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி தொடங்கிய நாளன்று, கொழுந்து பறிக்கும் தாயொருத்தி தன் ஆறு வயது மகளைக் கையிற் பிடித்து அழைத்து வந்து அவர்முன் நிறுத்தினாள். அச்சிறுமிக்கு இரு கண்ணும் தெரியா. அவளுடைய அண்ணன்மார் இருவரும் அப்பள்ளியிலேயே படித்து வந்தனர். இவளையும் அங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அத்தாயின் விண்ணப்பம். நண்பர் மறுமொழி கூறாது பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அன்றிரவே எமக்கு ஒரு கடிதமும் வரைந்தார். சேர்த்துக்கொண்டேன், இனிச் செய்யவேண்டியது யாதென அறியேன் என்பதே அதன் சாரம்.

அக்கடிதத்துக்கு விடையாக யாம் எழுதத் தொடங்கியதே இச்சரிதம். விழா மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டியபோது, புதியதொன்றை இயற்றுவதினும் இதனையே சிறிது விரித்து அனுப்புதல் நன்றெனத் துணிந்தோம்.

லூயி பிரெயில் என்னும் பெயரை அறியாதார் அரியர். கண்ணிலார் விரலாற் படிக்கும் புள்ளி எழுத்தை அமைத்தவர் அவர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆயின், அவர் பரிஸ் நகரத்து அந்தகர் கல்லூரியிற் காலடி வைப்பதற்கு முன்னரே, தம் கிராமத்துச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில், கண்ணுள்ள பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்து பாடங் கேட்டவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் வாழ்வின் பிற்பகுதியிலுள்ள பெருஞ்செயல்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது என்பது எமது துணிபு.

பரிஸ் நகருக்குக் கிழக்கே, அக்காலத்துக் குதிரை வண்டியில் அரைநாட் பயணத் தொலைவில், கூப்வ்ரே என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரிலே சீமோன் ரெனே பிரெயில் என்னும் தோல்வினைஞர் வாழ்ந்தார். குதிரைகளுக்கு வேண்டிய சேணமும் கடிவாள வாரும் செய்வது அவர் தொழில். அவருக்கும் மொனீக் அம்மையாருக்கும் பிறந்த பிள்ளைகள் நால்வருள் கடைக்குட்டியாக, 1809-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ஆம் திகதி லூயி பிறந்தார். செல்வக் குடும்பமன்று, வறிய குடும்பமும் அன்று. தந்தையார்க்கு எழுத்து வாசனை உண்டு. சொந்த வீடும் சிறிது திராட்சைத் தோட்டமும் இருந்தன.

குழந்தைக்கு வயது மூன்று. 1812-ஆம் ஆண்டில் ஒருநாள், தந்தையார் அயலிலே நின்ற சமயம், பிள்ளை பட்டறைக்குள் நுழைந்து தோற்றுண்டு ஒன்றை எடுத்து, அவர் செய்வது போலவே தானும் குத்தூசியால் துளையிட முயன்றான். ஊசி வழுக்கிக் கண்ணிற் பாய்ந்தது. பட்டது ஒரு கண்ணிலேதான். ஆனால் ஒரு கண்ணின் காயம் ஆறாதவிடத்து மற்றைக் கண்ணும் அழற்சியுற்று ஒளியிழப்பது உண்டென்பதை இன்றைய வைத்தியர் நன்கறிவர். தக்க காலத்திற் சிகிச்சை செய்து அதனைத் தடுக்கவும் வல்லர். அக்காலத்தில் அவ்வழி எவர்க்கும் தெரிந்திலது. ஐந்து வயது நிரம்புமுன் பிள்ளையின் இரு கண்களும் முற்றாக இருண்டன.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமற் போக எம்மால் இயலவில்லை. தோட்டப்புறங்களிலே லயக் காம்பராக்களின் கூரை இடுக்கிற் செருகிய கவ்வாத்துக் கத்தியைக் காணுந்தோறும் எமக்கு அந்தக் குத்தூசி நினைவு வரும். தாயும் தந்தையும் விடியற்காலத்தே பெரட்டுக்குப் போய்விட, சற்று வளர்ந்த பிள்ளைகள் தாமாகவே திரியும் வீடுகளில், எட்டாத உயரமும் ஒரு பாதுகாப்பே.

நிற்க. கண்ணிழந்த பிள்ளையைப் பெற்றோர் மூலையில் இருத்தி வைத்தாரில்லை. இதுவே அச்சரித்திரத்தில் முதலாவது நன்மை. தந்தையார் ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். பிள்ளை அதனால் தட்டித் தட்டி வீட்டுப் படிகளையும், தெரு மூலையையும், கிணற்றடியையும் கற்றுக்கொண்டான். ஓசையின் எதிரொலியால் சுவர் எது, வெளி எது எனப் பிரித்தறியவும் பழகினான். வீட்டு வேலைகளில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. தோல்வாருக்குக் குஞ்சம் கட்டுதல் போன்ற சிறு பணிகள் அவன் கையிற் கொடுக்கப்பட்டன. மரப்பலகையிலே குமிழ் ஆணிகளை எழுத்து வடிவாக அறைந்து, அவற்றை மகனது விரலாற் தடவச் செய்து, தந்தையார் அகரவரிசை கற்பித்தார் என்றும் வரலாறு கூறும். எழுத்தென்பது தொட்டறியத்தக்க பொருள் என்பதை அப்பிள்ளை முதன்முதல் உணர்ந்தது அந்த ஆணிப் பலகையிலேயே ஆகலாம்.

1815-ஆம் ஆண்டளவில் பாலுயி என்னும் பாதிரியார் அவ்வூர்த் தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தார். நெப்போலியனது வீழ்ச்சியை ஒட்டி அந்நியப் படைகள் ஊருக்குள் தங்கிப் போன காலம் அது. தடியூன்றி நடமாடும் ஆறு வயதுச் சிறுவனின் கூர்மதி அவர் கவனத்தை ஈர்த்தது. தம் இல்லத்திலேயே சிலகாலம் அவனுக்குப் பாடஞ் சொன்னார். மலர்களை மணத்தாலும் பறவைகளைக் குரலாலும் மரங்களை இலையின் தொடுகையாலும் அறியப் பழக்கினார். பின்னர், இவன் ஒருவனுக்குத் தாம் ஒருவர் தனித்துக் கற்பித்தல் போதாது. ஒத்த வயதினர் நடுவே இவன் இருத்தல் வேண்டும் என்று கண்டார் போலும். ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரே என்பாரிடம் சென்று, அவனைப் பள்ளியிற் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார்.

அக்கால நிலையை எண்ணுமிடத்து இது சிறிய காரியமன்று. கண்ணிலாப் பிள்ளைகளின் கதி பெரும்பாலும் தெருவோரத்து இரத்தலாகவே இருந்தது. அப்பிள்ளையைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஆசிரியரைக் கட்டாயப்படுத்தச் சட்டமில்லை. சேர்த்தால் அவருக்கு வழிகாட்ட நூலுமில்லை. பெஷெரே என்பார் அதுவரை அத்தகைய மாணாக்கனைக் கண்டவரும் அல்லர். எனினும் மறுத்தாரில்லை. அயல்வீட்டுப் பையன் ஒருவன் நாடோறும் காலையில் வந்து லூயியைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லலானான். ஏறத்தாழ இரண்டாண்டு இவ்வாறு நடந்தது.

அப்பள்ளி வாழ்வைப் பற்றி எஞ்சியுள்ள செய்தி சிறிதே. ஆயினும் அச்சிறிதே போதும். ஆசிரியர் வாயாற் சொன்னவற்றையெல்லாம் லூயி நினைவில் நிறுத்தினான். மனக்கணக்கிலும் சரித்திரப் பாடத்திலும் கேள்வி எழுந்தால் விடை முதலில் அவனிடமிருந்தே வரும். வகுப்பிலே முன்னணி மாணாக்கருள் ஒருவனாக அவன் விளங்கினான். ஆனால், புத்தகத்தைத் திறக்கும் நேரம் வந்ததும் வகுப்பு முழுவதும் ஒருபுறம் செல்ல, அவன் மட்டும் கைகட்டி வாளாவிருத்தல் வேண்டும். எழுது பலகையை எடுக்கும் நேரத்திலும் அவ்வாறே. செவி கொண்டு எத்துணை கற்பினும், வாசிப்பும் எழுத்தும் இல்லாதவிடத்துக் கல்வி பாதிவழியில் நின்றுவிடும் என்பதை அவன் அந்த வாங்கிலேயே அறிந்தான்.

மடுல்சீமை நண்பருக்கு யாம் முதலில் எழுதியது இதனைத்தான். வகுப்பில் இடங்கொடுத்தல் ஒன்று. அவ்விடத்தில் அமர்ந்திருப்பவள் கையில் எழுத்தைக் கொடுத்தல் மற்றொன்று. முன்னதை மட்டும் செய்துவிட்டு அமைந்திருப்போமாயின், நாற்பது பிள்ளைகள் நடுவே அவளைத் தனிமையில் இருத்தியவர்களாவோம். முதலாவதைச் செய்ய மனம் ஒன்றே போதும். இரண்டாவதற்கு உழைப்பு வேண்டும். கரும்பலகையில் எழுதுவதை எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுதல், இதோ அதோ என்று சுட்டாமல் பொருளின் பெயரைக் கூறுதல், கேள்வி கேட்குமுன் அவள் பெயரை விளித்தல், வாங்கும் கதவும் அலுமாரியும் இருக்கும் இடத்தை முதல்நாளே அவள் கையால் தொட்டறியச் செய்து பின் அவற்றை நினைத்தபடி இடம் மாற்றாதிருத்தல், எண்ணும் பாடத்துக்குப் புளியங்கொட்டை வைத்தல் இவையெல்லாம் செலவில்லாதவை. கண்ணுள்ள பிள்ளைகளுக்கும் பயன்படுபவை. ஒளியும் நிழலுமேனும் தெரிகின்றனவா என்பதை வைத்தியரைக் கொண்டு ஆராய்தலும் முதற்கடனாகும். கண் தெரியாதவர் எனப்படும் பிள்ளைகள் பலருக்குச் சிறிது பார்வை எஞ்சியிருத்தல் உண்டு. அவர்க்குப் பெரிய எழுத்தும், சன்னலோர இருக்கையும், கறுப்பு மையில் அழுத்தி வரைந்த கோடுமே பெருந்துணை.

கூப்வ்ரேக்குத் திரும்புவோம். பிரான்சிலே அந்நாட்களில் புதியதொரு போதனா முறை பரவலாயிற்று. ஆசிரியர் ஒருவர், மூத்த மாணாக்கரைத் துணைக்கொண்டு, இளையோர் பலரைக் குழுக்குழுவாகக் கற்பிக்கும் முறை அது. இது கிராமப் பள்ளிக்கும் வந்தபோது லூயியின் இடம் ஆட்டங் கண்டது என அவர் சரிதம் எழுதியோர் சிலர் கூறுவர். இதிலே நமக்கு வியப்பளிப்பது அம்முறையின் பிறப்பிடமே. 1789-ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை மேற்பார்த்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர், அங்கிருந்த நாட்டுப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்திற் கையாண்டு, சட்டாம்பிள்ளை முறையோடு இணைத்து, 1797-இல் இங்கிலாந்திலே நூலாகவும் வெளியிட்டார். அவர் வழியாலும் லங்காஸ்டர் என்பார் வழியாலும் அது ஐரோப்பாவெங்கும் சென்றது. நம் திண்ணைப் பள்ளியில் முதற்கண் இருந்தவை விரலும் மணலும். பிரான்சைச் சென்றடைந்தபோதோ, சுவரிலே தொங்கவிட்ட பெரிய அட்டைகளைச் சூழ நின்று கண்ணாற் படிக்கும் முறையாக அது மாறியிருந்தது. கண்ணிலாப் பிள்ளைக்கு அங்கே இடமில்லாது போனதற்கு இதுவும் ஒரு காரணமென எண்ண இடமுண்டு. விஜயதசமி நாளிலே நம் குழந்தைகள் பச்சரிசியில் எழுதும் முதலெழுத்தைக் கண் எழுதுவதில்லை, விரலே எழுதுகிறது என்பதை நண்பர்க்கு நினைவூட்டினோம்.

பாதிரியார் ஊர்ப் பிரபுவிடம் சென்றார். பிரபு, பரிஸ் நகரத்து அந்தகச் சிறுவர் கல்லூரிக்கு எழுதி இடம் பெற்றுத் தந்தார். 1819-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் திகதி, பத்து வயதுச் சிறுவன் லூயி, தந்தையார் கைப்பற்றி வண்டியேறிப் பரிஸ் சென்றான். பெற்றோர்க்கு அது எளிய முடிவாயிருந்திராது. பதுளை மலைநாட்டார் இதனை நன்குணர்வர். இலங்கையில் அந்தகர்க்கும் செவிடர்க்குமான பாடசாலையை மேரி சப்மன் என்னும் ஆங்கில அம்மையார் 1912-இல் நிறுவினார்; பின்னர் அது இரத்மலானையில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் பெருந்தொண்டு புரிந்தவை. ஆயினும், பதுளைப் புகையிரத நிலையத்திலே ஏழு வயதுப் பிள்ளையை வண்டியேற்றி, ஒரு பகல் முழுவதும் சென்று, முன்பின் அறியா ஊரில் விட்டுத் திரும்பவேண்டுமெனில், கொழுந்துக் கூலியால் வாழும் தாய் அஞ்சுவது இயல்பே. அஞ்சி வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. லயத்து வாசற்படியில் ஆயுள் முழுவதும் அமர்ந்திருந்தோரை யாமே கண்டதுண்டு.

பரிஸ் கல்லூரி, வாலந்தீன் அவுயி என்னும் பெருந்தகையாற் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே நிறுவப்பட்டது. உலகில் அந்தகர்க்கெனத் தோன்றிய பள்ளிகளுள் அதுவே முதன்மையானது. ஆயின் லூயி சேர்ந்த காலத்திலே அது பழைய மடமொன்றின் ஈரஞ் சுவறிய கட்டடத்தில் இயங்கிற்று. உணவும் காற்றும் போதாமையால் பிள்ளைகள் அடிக்கடி நோயுற்றனர். லூயியின் உயிரைப் பின்னாளிற் கவர்ந்த காசநோய்க்கும் அக்கட்டடத்துக்கும் தொடர்பு உண்டெனப் பலர் கருதுவர்.

அங்கே புத்தகங்கள் இருந்தன. ஈரமான தடித்த கடதாசியை ஈய எழுத்தின்மேல் அழுத்தி, கண்ணுடையார் படிக்கும் அதே எழுத்துகளைப் புடைப்பாக எழச் செய்வது அவுயியின் முறை. ஒவ்வோரெழுத்தும் பெரிதாதலின் நூல் பெருஞ்சுமையாகும். ஒரு வரியைத் தடவி முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோம். அதிலும் பெருங்குறை, மாணாக்கர் தம் கையாலே அவ்வாறு எழுத இயலாமை. கண்ணுடையார் தமக்கு வசதியான எழுத்தையே கண்ணிலார்க்கும் பெரிதாக்கிக் கொடுத்தனர். விரலுக்கு எது வசதி என்று விரலைக் கேட்டாரில்லை.

1821-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பார்பியே என்னும் முன்னாட் படையதிகாரி தாம் அமைத்த புடைப்புப் புள்ளி முறையை அக்கல்லூரிக்குக் கொண்டுவந்தார். இராப்போரில் விளக்கின்றிச் செய்தி படிப்பதற்கென நெப்போலியன் பணித்ததால் அது தோன்றிற்று என்னும் கதை உலகெங்கும் வழங்குகின்றது. எழுத்தறிவு பெறும் வாய்ப்பிலாரை முன்னிட்டே அவர் அதனை அமைத்தார் என அண்மைக்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். எவ்வாறாயினும், கோட்டைக் காட்டிலும் புள்ளியே விரலுக்கு உகந்தது என்ற பேருண்மை அவராலேயே வெளிப்பட்டது. குறைகளும் உண்டு. பன்னிரண்டு புள்ளி வரை அடுக்கிய குறி விரல்நுனிக்குள் அடங்கவில்லை. ஒலியை மட்டும் குறித்ததால் சொற்களின் முறையான எழுத்தமைப்பைக் காட்டவில்லை. எண்ணும் நிறுத்தக் குறியும் இசைக்குறியும் அதிலில்லை.

பன்னிரண்டு வயது லூயி இதனைக் கையிலெடுத்தான். பகல் பாடங்கள் முடிந்தபின் இரவிலும், விடுமுறைக்கு ஊர் சென்றால் வீட்டு வாசலிலும், கடதாசியும் எழுத்தாணியுமாக அமர்ந்து புள்ளிகளைக் குத்திக் குத்தித் தடவிப் பார்த்தான். அவன் கண்ணைப் பறித்த கருவிக்கும் இந்த எழுத்தாணிக்கும் வடிவில் வேற்றுமை மிகச் சிறிது. 1824-ஆம் ஆண்டில், தன் பதினைந்தாவது வயதில், பன்னிரண்டை ஆறாகக் குறைத்தான். இருநிரை, நிரைக்கு மூன்று. ஆக ஆறு புள்ளிகள் நிற்கக்கூடிய ஒரு சிறு கட்டம். முழுக் கட்டமும் விரல்நுனி ஒருமுறை படுமிடத்தில் அடங்கும். எப்புள்ளி எழுந்துளது, எப்புள்ளி எழவில்லை என்னும் வேறுபாட்டால் அறுபத்துமூன்று குறிகள் கிடைக்கும். முதற் பத்து எழுத்துக்கு மேலுள்ள நான்கு புள்ளிகள் மட்டும். அடுத்த பத்துக்கு அவற்றோடு கீழே இடப்புறம் ஒரு புள்ளி. இவ்வாறு ஒழுங்காகச் செல்வதால் கற்பது எளிது. அனைத்திலும் மேலாக, கற்றவன் தானே எழுதலாம். எழுதியதைத் தானே படிக்கலாம். தன் பிழையைத் தானே திருத்தலாம். கூப்வ்ரே வாங்கிலே கைகட்டி இருந்த பிள்ளைக்கு இல்லாதிருந்தது இதுவே.

1829-இல் இம்முறையை விளக்கி, சொல்லையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் வகை கூறும் நூலொன்றை வெளியிட்டார். 1837-இல் அதன் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அதற்குள் அவர் அக்கல்லூரியிலேயே துணையாசிரியராகி, 1833-இல் முழு ஆசிரியராகவும் உயர்ந்தார். இலக்கணம், பூகோளம், கணிதம், இசை அனைத்தும் கற்பித்தார். பரிஸ் நகரத் தேவாலயங்களில் ஓர்கன் வாத்தியம் வாசிப்பவராகவும் புகழ்பெற்றார். அடக்கமே வடிவானவர். பிழையைக் கண்டித்தாலும் மென்மையாகவே கண்டிப்பார். வறிய மாணாக்கர்க்கும் நண்பர்க்கும் பொருளுதவி செய்து அதனை வெளியே சொல்லாதவர். தம் பெட்டி ஒன்றைத் திறவாமலே எரித்துவிடும்படி இறுதிநாளில் வேண்டினார் என்றும், ஆவல் மேலிட்டுத் திறந்தோர் அதனுட் கண்டவை பிறர் அவரிடம் பட்ட கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டுகளே என்றும் கூறுவர்.

அறிஞர் சபைகள் உடனே வரவேற்றன என்று எண்ணவேண்டா. 1840-இல் கல்லூரித் தலைமை மாறிற்று. புதிய அதிபர் தூபோ என்பார் புள்ளி எழுத்தை விலக்கினார். கண்ணுடையார் படிக்கமாட்டாத எழுத்து அந்தகரை உலகத்தினின்றும் பிரித்துவிடும் என்பது அவர் கூறிய நியாயம். இந்நியாயத்தை ஒரேயடியாக எள்ளி ஒதுக்க எம் மனம் ஒப்பவில்லை. இன்றும் நல்லோர் பலர் இதனையே வேறு சொல்லாற் கூறுகின்றனர். பிழை எங்கே உளதெனில், கண்ணிலார் பக்கம் ஓரடி எடுத்துவைக்கக் கண்ணுடையாருக்கு மனமில்லாமையிலேதான். ஆறு புள்ளியைக் கற்க ஆசிரியர் ஒருவருக்குச் சில வாரங்கள் போதுமே. மாணாக்கரோ அடங்கவில்லை. ஊசி, ஆணி, கையிற் கிடைத்த கூரிய பொருள் எதுவாயினும் கொண்டு மறைவிலே புள்ளி குத்திக் கடிதம் பரிமாறினர். இறுதியில் துணையதிபர் குவாதே என்பார் அவர்தம் பக்கம் நின்றார். கல்லூரி புதிய கட்டடத்துக்கு மாறியபின், 1844 பெப்ரவரியிலே நடந்த திறப்பு விழாவில், பலர் காண அவ்வெழுத்தின் ஆற்றல் காட்டப்பட்டது. அதிபரும் மனம் மாறினார்.

பிரெயில் அவர்களது மற்றொரு முயற்சியைப் பலர் மறந்தனர். கண்ணுடையாரோடு எழுத்துறவு வேண்டும் என்ற கருத்தை அவரும் உடையவரே. ஆதலின் 1839-இல், கண்ணிலார் புள்ளிகளை வரிசையாகக் குத்திச் சாதாரண எழுத்தின் வடிவையே வரையும் பிறிதொரு முறையை வெளியிட்டார். அம்முறையால் கண்ணிலாப் பிள்ளை தன் தாய்க்குக் கடிதம் எழுதலாம். தாய் கண்ணாற் படிக்கலாம். அது மிகுந்த நேரங் கொள்வது கண்டு, பூக்கோ என்னும் கண்ணிலா நண்பர் அதற்கென ஒரு பொறியும் செய்தார். இன்றைய தட்டச்சுக்கும் கணினிக்கும் முன்னோடி எனத்தக்கது அது. வீட்டையும் ஊரையும் விட்டுப் பிரிந்துபோன ஒருவர்தாம் இவ்வாறு எண்ணியிருத்தல் கூடும்.

காசநோய் முற்றி, 1852 ஜனவரி 6-ஆம் திகதி, நாற்பத்துமூன்றாம் ஆண்டு நிறைந்த இரண்டாம் நாள், அவர் உயிர் நீத்தார். பரிஸ் பத்திரிகைகள் பொருட்படுத்தவில்லை. உடல் கூப்வ்ரேக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தந்தையார் அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. இரண்டாண்டின் பின், 1854-இல், பிரான்ஸ் அவர் எழுத்தை முறையாக ஏற்றது. 1878-இல் பரிஸிற் கூடிய மாநாடு பிறநாடுகளுக்கும் அதனையே பரிந்துரைத்தது.

தமிழுக்கு அவ்வெழுத்து வந்த வழியும் அறியத்தக்கது. பாளையங்கோட்டையிலே 1890-இல் அஸ்க்வித் அம்மையார் கண்ணிலார்க்குப் பள்ளி தொடங்கியபோதே தமிழ்ப் புள்ளி எழுத்து முயற்சியும் தொடங்கிற்று. பின்னர் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951-இல் வகுக்கப்பட்டது. தமிழ்க் குழந்தை அதிலே பெறும் சலுகை ஒன்றுண்டு. அச்செழுத்தில் கெகரத்தின் கொம்பு முன்னே நிற்கும். கொகரத்தின் குறிகள் இருபுறமும் நிற்கும். புள்ளியெழுத்திலோ, ககரக் குறி முதலில், உயிர்க் குறி அடுத்து, ஒலிக்கும் முறையிலேயே வரும். கொம்பும் காலும் கொண்டு இடர்ப்படும் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை விட நம் சிறுமி இவ்வகையில் நற்பேறுடையவள் என்று நண்பர்க்கு வேடிக்கையாக எழுதினோம்.

இலங்கையிலே, கண்ணிலாப் பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிற் சேர்க்கும் திட்டம் 1960-களின் இறுதியில் அரசினராலே தொடங்கப்பட்டது. 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், அங்கக் குறைபாட்டைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுத்தலை விலக்கிற்று. பெஷெரே ஆசிரியருக்கு இல்லாத சட்டம் மடுல்சீமை ஆசிரியருக்கு உண்டு.

1952-ஆம் ஆண்டில், பிரெயில் மறைந்து நூறாண்டு நிறைந்தபோது, பிரான்ஸ் அரசினர் அவருடலைத் தோண்டியெடுத்துப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தனர். கூப்வ்ரே மக்கள் அவரை முற்றாக விட்டுக்கொடுக்க உடன்படவில்லை. அவருடைய கைகள் மட்டும் அச்சிற்றூர் மயானத்திலேயே ஒரு சிறு பேழையில் இன்றும் உள்ளன.

அண்மையில் நண்பரிடமிருந்து மறுகடிதம் வந்தது. விடுமுறையிலே தாம் புள்ளி எழுத்தைக் கற்றுக்கொண்டார். தோட்டத்துத் தச்சர் பலகையொன்றில் ஆறு ஆறாகக் குழி குடைந்து கொடுத்தார். சிறுமி அவற்றிற் புளியங்கொட்டை வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கி, இப்போது எழுத்தாணியால் தடித்த கடதாசியிலே குத்துகின்றாள். வாசிப்பில் வகுப்பின் நடுத்தரத்திலும், மனக்கணக்கில் முன்னணியிலும் நிற்கின்றாள். ஓட்டப் போட்டியில் என்ன செய்வதென்று இன்னும் வழி தெரியவில்லையாம். அதற்கும் எம்மிடம் யோசனை கேட்டிருக்கின்றார். அவளுக்கு இருபுறமும் அமர்ந்துள்ள பிள்ளைகள் இருவர், எவரும் கற்பியாமலே அவ்வெழுத்தைப் பயின்றுவிட்டனர். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் மூவரும் புள்ளி குத்திய துண்டுக் கடதாசிகளை வாங்கின் கீழாகக் கைமாற்றிக் கொள்கின்றனராம். நண்பர் அதனைக் காணாதவர் போலிருக்கின்றார்.